சாய்தளம் இருக்கிறது, போய்ச் சேரத்தான் வழியில்லை: பினாங்கில் மாற்றுத்திறனாளி வசதிகள் அறுந்துபோகும் இடங்கள்

ஜூலை 7 பினாங்கில் பொது விடுமுறை. 2008ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதே 2008 ஜூலை 7இல் இன்னொன்றும் நடந்தது. மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு யாரும் தோரணம் கட்டுவதில்லை.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இன்றும் மாதம் ஒருமுறையாவது ஏதாவது ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சாய்தளத்தின் வாயில் மோட்டார் நிற்கும். பார்வையற்றோருக்கான மஞ்சள் ஓடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டும். ஓகேயு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையைத் திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் இருக்கும். படத்தின் கீழே எப்போதும் அதே கேள்விகள்தான்: இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? மாநகர் மன்றம் என்னதான் செய்கிறது?

சட்டம் இருக்கிறது. ஒன்றில்லை, நான்கைந்து இருக்கின்றன. பணமும் செலவாகிறது. தனித்தனியாகப் பார்த்தால் பஸ்ஸில் வசதி உண்டு, புதுக் கட்டடத்தில் வசதி உண்டு, நடைபாதையிலும் அங்கங்கே உண்டு. இவை ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில்தான் எல்லாம் உடைகிறது. அந்த மூட்டு யாருடைய பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## யாருக்காக இந்த வசதி?

மலேசியாவில் எல்லா மொழிக்காரர்களும் புழங்கும் சொல் ஓகேயு. ‘ஓராங் குராங் உப்பாயா’ என்ற மலாய்த் தொடரின் சுருக்கம் அது. ஆற்றல் குறைந்தவர் என்று பொருள். தமிழில் மாற்றுத்திறனாளி என்கிறோம். பெயர் எப்படியோ இருக்கட்டும், சட்டம் 685 தரும் விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாடு உள்ளவர்கள், அந்தக் குறைபாடு பல்வேறு தடைகளோடு சேரும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறவர்கள் என்கிறது அது.

‘தடைகளோடு சேரும்போது’ என்பதுதான் இதில் அச்சாணி. கால் நடக்காதது ஒரு விஷயம், வாசலில் படி இருப்பது இன்னொரு விஷயம். இரண்டும் சேரும்போதுதான் ஒருவர் கடைக்கு வெளியே நின்றுவிடுகிறார். நடக்காத காலை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். படிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதைக் கட்டியவர், கட்ட அனுமதித்தவர்.

சமூக நல இலாகா ஏழு வகைகளில் ஓகேயு அட்டை வழங்குகிறது: செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை. பதிவு கட்டாயமில்லை. எழுபது வயதில் மூட்டு தேய்ந்து கைத்தடி ஊன்றும் பாட்டி எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அதனால் பதிவான எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ‘இவ்வளவு பேருக்காக இவ்வளவு செலவா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. உலக மக்களில் ஏறக்குறைய 16 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. போதாததற்கு, மலேசியாவில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று.

## குழப்பும் இரண்டு சொற்கள்

செய்திகளில் அடிக்கடி வரும் இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் மீதி எளிது.

முதலாவது, அனைவருக்குமான வடிவமைப்பு. ஓகேயுவுக்கு என்று தனியாக ஒன்றைச் செருகாமல், முதலிலேயே எல்லாருக்கும் பொருந்தும்படி கட்டுவது. படியே இல்லாத வாசல் இதற்கு உதாரணம். சக்கர நாற்காலிக்காரர், குழந்தை வண்டி தள்ளும் தாய், மார்க்கெட்டில் சாமான் இழுத்து வருபவர் மூவரும் அதே வாசலில் நுழைவார்கள், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நியாயமான மாற்றேற்பாடு. கட்டடத்தை மாற்ற முடியாத இடத்தில், வருகிற ஆளுக்கு ஏற்ப முறையை மாற்றிக்கொள்வது. இது நமக்குப் புதிதில்லை. மூலவர் கருவறையை விட்டு நகரமாட்டார், ஆனால் உற்சவர் தேரேறி வீதிக்கு வருவார். படியேற முடியாதவர் தன் வாசலிலேயே தட்டு வைத்து அர்ச்சனை செய்துகொள்வார். பினாங்கில் தைப்பூசத்து இரதம் தெருத் தெருவாக நின்று நின்று போகும்போது நடப்பது அதுதான். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும், பத்துமலையில் 272. ஏற முடியாதவருக்கு இரதம் ஒரு மாற்றேற்பாடு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் இரதத்தைக் காட்டி, மற்ற நாள்களில் வழி கேட்பவரின் வாயை அடைத்துவிட முடியாது. மாற்றேற்பாட்டைச் சாக்காக வைத்து வடிவமைப்பைத் தள்ளிப்போடுவது கோயிலில் மட்டுமில்லை, அரசு அலுவலகங்களிலும் நடக்கிறது. ‘மாடிக்கு வர வேண்டாம், நீங்கள் கீழேயே இருங்கள், நாங்களே இறங்கி வருகிறோம்’ என்பது அன்புதான். பத்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தால், லிப்ட் போடவில்லை என்பதுதான் அதன் பொருள்.

## ஒரு பயணம், ஆறு சொந்தக்காரர்கள்

சக்கர நாற்காலியில் போகும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். வீடு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி. வெள்ளிக்கிழமை குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெட்டிக்கு நேராக பஸ் இருக்கிறது. ஜெட்டியிலிருந்து லிட்டில் இந்தியா வழியாகக் கோயிலுக்கு நடக்கிற தூரம்தான். வரைபடத்தில் பார்த்தால் சுலபம். வழியில் யார் யாருடைய எல்லைகளை அவர் கடக்கிறார் என்று பாருங்கள்.

1. வீட்டு லிப்டும் கீழ்த்தளப் படியும். இவை அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவுடையவை. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ், வீட்டுக்காரர்கள் கட்டும் பராமரிப்புப் பணத்தில்தான் லிப்ட் ஓடுகிறது. பாதிப் பேர் கட்டவில்லை என்றால் லிப்டும் பாதி நாள் ஓடாது.

2. வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள நடைபாதை. அந்தச் சாலை மாநகர் மன்றத்துடையதா, பொதுப்பணி இலாகாவுடையதா என்பது சாலைக்குச் சாலை மாறும். பாதசாரிக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் புகார் எழுதும்போது தெரிந்தாக வேண்டும்.

3. பஸ் நிறுத்தம். மேடை, கூரை, சாலையின் வளைவு எல்லாம் உள்ளூராட்சி சார்ந்தவை.

4. பஸ். ரேப்பிட் பினாங்கு, கூட்டரசு நிதியமைச்சின் கீழுள்ள பிரசரானா நிறுவனத்தின் கிளை. மாநிலத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ அது கட்டுப்பட்டதில்லை.

5. லிட்டில் இந்தியாவின் அஞ்சடி, அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைவழி. கடைக்காரர்களின் நிலம், பொதுமக்களின் வழி. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

6. கோயில் வாசல். கோயில் நிர்வாகத்துடையது.

இந்த ஆறில் ஐந்து நன்றாக இருந்து ஒன்று சரியில்லை என்றால், பயணத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஐந்தில்லை, பூஜ்யம். அந்த அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவார். இது புள்ளிவிவரத்தில் எங்கும் பதிவாகாது. ‘யாரும் இந்த வசதியைப் பயன்படுத்துவதே இல்லை’ என்று பிறகு ஓர் அதிகாரி சொல்லும்போது, அவர் பார்க்கும் காலி இடம் இப்படித்தான் உருவாகியிருக்கிறது.

மூட்டு உடைவது எப்படி என்பதற்கு நான்காவது கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தாழ்தள பஸ்ஸின் கதவில் மடக்குப் பலகை உண்டு. பஸ்ஸின் தளம் சாலையிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரம். நடைபாதை அரையடி உயரம். பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால் பலகை ஏற வேண்டியது அரையடிதான், ஒருவர் பின்னால் லேசாகத் தள்ளினால் போதும். ஆனால் நிறுத்தத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டு ‘ரெண்டு நிமிஷம்’ என்று நாசி கண்டார் கட்டப் போயிருக்கிறார். பஸ் நடுச்சாலையில் நிற்கிறது. இப்போது அதே பலகை சாலை மட்டத்திலிருந்து முழு அடி ஏற வேண்டும், சரிவு இரண்டு மடங்காகிவிட்டது. பஸ் நிறுவனம் தன் வேலையைச் செய்துவிட்டது, நிறுத்தத்தைக் கட்டியவரும் செய்துவிட்டார். இரண்டுக்கும் நடுவே உள்ள இரண்டு மீட்டர் சாலைதான் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

## அஞ்சடியின் கணக்கு

கடைவீடுகளின் முன்னால், மேல்மாடிக்கு அடியில் ஓடும் அந்த மூடிய நடைவழியை நாம் அஞ்சடி என்கிறோம். மலாய்க்காரர்களுக்கு அது காக்கி லீமா. 1822இல் ஆங்கிலேய நிர்வாகி ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் தொடர்ச்சியான, கூரையுள்ள வழி விடவேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் மலாயா முழுக்கப் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி ஊர் முழுவதும் நடக்கலாம் என்பதுதான் எண்ணம். அந்தக் காலத்துக்கு அது அனைவருக்குமான வடிவமைப்பு என்றே சொல்லலாம்.

ஐந்து அடி என்பது 152 சென்டிமீட்டர். ஒரு சக்கர நாற்காலி முழுதாகத் திரும்பத் தேவையான வட்டம் 150 சென்டிமீட்டர். யாரோ அளந்து வைத்ததுபோல் பொருந்துகிறது. ஆனால் இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். பூ விற்கும் மேசை ஒன்று, சாமான் பெட்டி இரண்டு, சாய்த்து வைத்த சைக்கிள் ஒன்று, இவற்றில் எது வந்தாலும் திரும்புகிற இடம் போய்விட்டது. நடப்பவர் உடம்பை ஒருக்களித்து நழுவிவிடுவார். நாற்காலி ஒருக்களிக்காது.

அடுத்த சிக்கல் மட்டம். ஒவ்வொரு கடைக்காரரும் தன் தரையைத் தன் வசதிக்கு உயர்த்தியிருக்கிறார். பக்கத்துக் கடையின் அஞ்சடி ஒரு சாண் கீழே இருக்கும், அதற்கடுத்தது மறுபடி மேலே. மழைநீர் உள்ளே வராமல் தடுக்க அவர் செய்தது அது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நீளவாட்டில் பார்த்தால் அஞ்சடி ஒரு படிக்கட்டு.

சாய்தளம் போட்டுவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். பொதுவான அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம். அதை அஞ்சடியின் குறுக்கே போட்டால் 152ஐத் தாண்டிக் கடைக்குள் போய்விடும். வெளிப்பக்கம் போட்டால் சாக்கடையைத் தாண்டிச் சாலையில் நிற்கும். நீளவாட்டில் போடலாம், ஆனால் அதற்குப் பக்கத்துக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். இதனால்தான் நாம் பார்க்கும் பல சிமெண்டுச் சரிவுகள் கூரையைப்போல் செங்குத்தாக இருக்கின்றன. அவற்றில் பாதி, இரவில் மோட்டாரைக் கடைக்குள் ஏற்றுவதற்காகப் போட்டவை. நாற்காலியில் அதில் ஏறினால் பின்னால் கவிழும்.

சாக்கடை மூடியும் இதில் சேர்த்தி. இரும்புக் கம்பி மூடியில் கம்பிகள் நடக்கிற திசைக்குக் குறுக்கே ஓடினால் பிரச்சினை இல்லை. அதே திசையில் ஓடினால் நாற்காலியின் சிறிய முன் சக்கரம் இடுக்கில் இறங்கி, உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். மூடியைத் தூக்கித் திருப்பி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. தூர் வாரிவிட்டு மூடுகிறவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அஞ்சடியை அடைப்பது சட்டப்படி குற்றமா? குற்றம்தான். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, அஞ்சடி வழியையும் பொதுவழியாகவே பார்க்கிறது, அங்கே இடைஞ்சல் வைப்பதற்குத் தண்டனையும் சொல்கிறது. அமலாக்க அதிகாரி வரும்போது மேசை உள்ளே போகும், அவர் தெருமுனை திரும்பியதும் வெளியே வரும். லிட்டில் இந்தியாவின் லெபோ பசார் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் இதை நேரிலேயே பார்க்கலாம்.

பாரம்பரியச் சின்னம் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சும் அடிக்கடி எழும். ஜார்ஜ்டவுனின் பாரம்பரிய வட்டாரம் மொத்தம் ஏறக்குறைய 259 ஹெக்டர். அதில் என்ன செய்யலாம், கூடாது என்று சொல்லும் சிறப்புத் திட்டம் 2016இல் அரசிதழில் வந்தது. பழைய கட்டடங்களைப் பேணுவதில் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கொள்கை ஒன்று உண்டு: சேர்ப்பது எதுவானாலும் பிறகு சுவடில்லாமல் எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் அலுமினியச் சாய்தளம் அதற்கு அப்படியே பொருந்தும். பாரம்பரியத்தைக் காட்டி மறுப்பவர்களில் சிலராவது, அதே சுவரில் குளிர்சாதனப் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

## சட்டத்துக்குப் பல் எங்கே?

இப்போது வாட்ஸ்அப் கேள்விக்கு வரலாம். சட்டங்கள் நான்கு அடுக்குகளில் இருக்கின்றன.

முதல் அடுக்கு அரசியலமைப்பு. 8(2)ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது. பாலினம் 2001இல் சேர்க்கப்பட்டது. உடற்குறைபாடு அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது சட்டம் 685. இதன் 26ஆம் பிரிவு பொது வசதிகள், சேவைகள், கட்டடங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. 27ஆம் பிரிவு பொதுப் போக்குவரத்துக்கு அதையே சொல்கிறது. படித்தால் நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அரசும் சேவை வழங்குவோரும் என்ன செய்ய வேண்டும் என்று வரும் இடத்தைப் பாருங்கள். அனைவருக்குமான வடிவமைப்புக்கு ஏற்ப வசதிகள் அமைய, அவர்கள் ‘தகுந்த கவனம் செலுத்தி, தேவையான நடவடிக்கை’ எடுக்க வேண்டும் என்கிறது. எது தகுந்தது, எது தேவையானது, எந்தத் தேதிக்குள் என்றெல்லாம் அதில் இல்லை. எடுக்காவிட்டால் என்ன தண்டனை என்பதும் இல்லை. சிவப்பு விளக்கில் நிற்காதவருக்கு அபராதம் உண்டு, சாய்தளம் இல்லாதவருக்கு இந்தச் சட்டத்தில் அபராதம் இல்லை. மேலும் 41ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசின் மீதும் அமைச்சர் மீதும் வழக்குத் தொடுக்க முடியாதபடி தடுக்கிறது. உரிமை இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் சன்னல் மூடியிருக்கிறது. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தபடியே இருப்பது இதனால்தான்.

26ஆம் பிரிவில் இன்னொரு வாலும் உண்டு. மாற்றுத்திறனாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து நேரக்கூடிய சூழலுக்கு உட்பட்டே அந்த உரிமை. நல்ல நோக்கம்தான். ஆனால் ‘உங்கள் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப இதைவிட வசதியான வாசகம் வேறில்லை.

மூன்றாவது அடுக்கு ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. மலேசியா 2010 ஜூலையில் அதை ஏற்புறுதி செய்தது, 15, 18 ஆகிய உறுப்புகளுக்கு விலக்கு வைத்துக்கொண்டது. தனிநபர் நேரடியாக ஐ.நா. குழுவிடம் முறையிட வழிசெய்யும் கூடுதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. மலேசியாவில் பன்னாட்டு உடன்படிக்கை தானாகச் சட்டமாகாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் நீதிமன்றத்தில் நிற்கும்.

நான்காவது அடுக்கு யாரும் பேசாத ஒன்று. ஆனால் பல் இருப்பது இதற்குத்தான். ஒரே சீரான கட்டடத் துணைவிதிகளின் 34ஏ விதி. 1990களின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட இந்த விதி, மாற்றுத்திறனாளிகள் கட்டடத்துக்குள் நுழையவும் நடமாடவும் வழி இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு என்ற அளவுகளை எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரக்குறிப்பு சொல்கிறது. அதன் இப்போதைய வடிவம் 2014இல் வந்தது. கட்டடத்துக்கு வெளியே உள்ள வழிகளுக்கு எம்எஸ் 1331. கட்டட வரைபடம் ஒப்புதல் பெற வேண்டுமானால் 34ஏவைக் கடந்தாக வேண்டும். காகிதத்தில் வழி இல்லாவிட்டால் கட்டடமே எழும்பாது, அதுதான் அந்தப் பல்.

வியப்பு என்னவென்றால், ஏற்கெனவே கட்டிய கட்டடங்களையும் 34ஏ விட்டுவிடவில்லை. விதி நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குள் அவற்றையும் மாற்றியமைக்கச் சொன்னது. கூடவே, காலத்தை நீட்டிக்கவும் தளர்த்தவும் உள்ளூராட்சிக்கு அதிகாரம் கொடுத்தது. அந்த மூன்று ஆண்டு இன்னும் முடியவில்லை என்று கேலியாகச் சொல்லலாம்.

வரைபடம் ஒப்புதல் ஆனபின் யார் வந்து பார்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. 2007இலிருந்து, கட்டி முடித்த கட்டடத்துக்கான சான்றிதழை உள்ளூராட்சி தருவதில்லை. அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தருகிறார். வேலை வேகமாகிறது என்பது உண்மை. ஆனால் சாய்தளத்தில் நாற்காலியில் ஏறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுபவர் எத்தனை பேர்? குடியேறிய ஆறு மாதத்தில் அந்தச் சாய்தளத்தின் மேல் கடை போடப்பட்டால் சான்றிதழ் ஒன்றும் செய்யாது.

இந்தியாவில் இதே முடிச்சு வேறு விதமாக அவிழ்ந்தது. அங்கே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அபராதம் உண்டு. ஆனால் அதன் விதி 15, அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டியாகவே வைத்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வழிகாட்டி போதாது, கட்டாயத் தரம் வேண்டும் என்று சொல்லி அந்த விதியைச் செல்லாததாக்கியது. நம் சட்டம் 685இன் ‘தகுந்த கவனம்’ என்ற சொல்லும் அதே வழிகாட்டி நிலையில்தான் நிற்கிறது.

## சக்கர நாற்காலி மட்டும்தானா?

ஓகேயு சின்னத்தில் சக்கர நாற்காலி இருப்பதால் பேச்சும் அதைச் சுற்றியே போகிறது. இக்கட்டுரையும் அதே தவற்றைத்தான் இதுவரை செய்திருக்கிறது.

பார்வையற்றோருக்கான மேடு ஓடு 1960களில் ஜப்பானில் செய்யீச்சி மியாக்கே உருவாக்கியது. அதற்கு இரண்டே எழுத்துகள்தான். நீளக் கோடுகள் என்றால் ‘போ’. வட்டப் புள்ளிகள் என்றால் ‘நில், கவனி’. ஓடு உடைந்து மாற்றும்போது கையில் கிடைத்ததை ஒட்டிவிட்டால், வழி நடுவில் ‘நில்’ என்றும் சாலை விளிம்பில் ‘போ’ என்றும் ஆகிவிடும். எழுத்துப் பிழைதான், ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய பிழை. மஞ்சள் நிறமும் அலங்காரமில்லை. மங்கலாகப் பார்வை உள்ளவர் நிற வேறுபாட்டை வைத்தே நடக்கிறார். தரைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சாம்பல் நிற ஓட்டைப் பதித்தால் அவருக்கு அது இல்லாத மாதிரிதான்.

காது கேளாதவருக்குப் பினாங்கில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1954இல் தொடங்கிய கூட்டரசு காது கேளாதோர் பள்ளி தஞ்சோங் பூங்காவில்தான் உள்ளது. அங்கே படித்த பிள்ளைகளிடையே பினாங்கு சைகை மொழி என்ற ஒன்றே தோன்றியது. இன்று மலேசியச் சைகை மொழியைச் சட்டம் 685 ஏற்கிறது. ஆனால் மருத்துவமனையில் பெயர் கூப்பிடுவது இன்னும் வாயால்தான். திரையில் எண் ஓடினால் போதும் என்ற இடத்தில், திரை கெட்டுப்போனதும் தாதி கத்திக் கூப்பிடுகிறார். தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை பள்ளியில் சைகை மொழியும் மலாய் எழுத்தும் கற்கிறது. வீட்டில் அப்பாயிக்குத் தமிழ் மட்டும் தெரியும். இருவருக்கும் இடையே பாலம் போடும் சேவை எதையும் மாநகர் மன்றத்திடம் கேட்க முடியாது, கேட்டதும் இல்லை.

செயலியும் இணையமும் இன்று நகரச் சேவையின் வாசல்கள். கார் நிறுத்தக் கட்டணம், மதிப்பீட்டு வரி, புகார் எல்லாம் கைப்பேசியில். ஓர் அறிவிப்பைப் படமாக ஒட்டினால், பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதில் ஓர் எழுத்தையும் படிக்காது. அதையே எழுத்தாகத் தட்டினால் படிக்கும். சாய்தளத்துக்குச் சிமெண்டு வேண்டும், இதற்கு ஒன்றும் வேண்டாம்.

## கட்டும்போதா, கட்டிய பிறகா?

கோலாலம்பூரின் அம்பாங் எல்ஆர்டி, அதாவது இலகு ரயில், 1996இல் ஓடத் தொடங்கியபோது பல நிலையங்களில் லிப்ட் இல்லை. மாற்றுத்திறனாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பல ஆண்டுகள் கழித்தே லிப்டுகள் வந்தன. 2017இல் முழுதாகத் திறந்த காஜாங் எம்ஆர்டி பெருந்திரள் ரயிலில் லிப்டும் மேடு ஓடும் முதல் நாளிலிருந்தே உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2011இல் வெளியிட்ட அறிக்கை, புதிதாகக் கட்டும்போது எல்லா அணுகல் தரங்களையும் நிறைவேற்றப் பொதுவாக மொத்தச் செலவில் 1 விழுக்காடு போதும் என்றது. கட்டியதை இடித்துச் செருகுவதற்கு அந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. சில இடங்களில் லிப்டுக்குத் தோண்ட நிலமே இருக்காது.

பினாங்கில் முத்தியாரா எல்ஆர்டி வேலை 2025 ஜனவரியில் தொடங்கியது. தெற்கே சிலிக்கன் தீவிலிருந்து கொம்தார் வரை வந்து, கடல் தாண்டி பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலுக்குப் போகும் தடம் அது. நிலையங்களுக்குள்ளே குறை இருக்காது என்றே நினைக்கிறேன். இருபதாண்டுப் போராட்டத்தில் கோலாலம்பூர் கற்ற பாடம் அங்கே தயாராக இருக்கிறது. கவலை வெளிவாசலில். லிப்ட் வந்து இறக்கிவிடும் தளம் ரயில் நிறுவனத்தின் எல்லை. அதற்கு அடுத்த அடி யாருடையது?

## புகார் எழுதுவது எப்படி?

குடியிருப்போர் சங்கமோ, கோயில் இளைஞர் குழுவோ, யாராவது நடைமுறையில் ஏதேனும் செய்ய விரும்பினால் இந்த வரிசை உதவும்.

1. இடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவு நாடாவை வைத்து எடுங்கள். ‘படி உயரமாக இருக்கிறது’ என்ற புகார் கோப்பில் தூங்கும். ‘படி 18 சென்டிமீட்டர், வழி 70 சென்டிமீட்டர்’ என்றால் அதை எம்எஸ் 1184உடன் ஒப்பிட்டே பதில் எழுத வேண்டியிருக்கும்.

2. மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலை யாருடையது என்று அவர்களே தேட இது வழி.

3. ஒரே கடிதத்தை மூட்டின் இருபக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புங்கள், இன்னாருக்கும் அனுப்பியிருக்கிறோம் என்று இரண்டிலும் எழுதுங்கள். ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் அதன் பிறகு அவ்வளவு எளிதாக வராது.

4. உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கட்டிய பிறகு எழுதும் நூறு புகாரைவிட வரைவில் எழுதும் ஒன்று மலிவு.

5. போகும்போது சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவரையும் பார்வையற்றவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவருக்கும் தேவை எப்போதும் ஒன்றாக இருக்காது. விளிம்பே இல்லாத வழுவழுப்பான தரை நாற்காலிக்கு நல்லது. பார்வையற்றவருக்கோ, நடைபாதை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று கைத்தடிக்குத் தட்டுப்படாமல் போய்விடும். அந்த ஒரு கோட்டில் புள்ளி ஓடு பதித்தால் இருவருக்கும் சரியாகிவிடும். ஆனால் அந்தக் கோடு எங்கே வர வேண்டும் என்பது, அந்த இருவரும் அங்கே நின்று பேசும்போதுதான் தெரியும்.